முட்டி தேய்ந்தவர்களின் கூலி

தாராவியிலிருந்து சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் வீட்டு வேலைக்குப் போகும் நம் தாய்மார்களில் நாற்பதைத் தாண்டிய பலருக்கு மூட்டுவலி. குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்து, முட்டி போட்டுத் தரை துடைத்த கால்கள். வீடு திரும்பினாலோ மேல்தளத்துக்குச் செங்குத்தான இரும்பு ஏணி. பொதுக் கழிப்பறையில் மறுபடி குந்தல். ‘ஓய்வெடுங்கள்’ என்கிறார் டாக்டர். ஒரு நாள் போகாவிட்டால் சம்பளத்தில் பிடிக்கும் வீடுகளை அவர் அறிவாரா?

ஆகவே வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள். தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்கித் தொடைத் தசைக்கு வலுவேற்றுவது நல்லது. செய்யட்டும். ஆனால் வேலையே மாறாமல் வலி எப்படிக் குறையும்?

செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. நல்லதே. அறுவைக்குப் பின் வீட்டில் கிடக்கும் வாரங்களுக்குக் கூலி யார் தருவது?

நாம் கேட்பது நீண்ட கைப்பிடித் துடைப்பான், நின்று தேய்க்கத் தொட்டி, சம்பளத்தோடு மாதம் நான்கு நாள் விடுப்பு. ஒருத்தி தனியாகக் கேட்டால் மறுநாளே வேறொருத்தி வந்துவிடுவாள். கட்டடம் முழுவதும் வேலை செய்யும் மராத்தி, தெலுங்குச் சகோதரிகளையும் சேர்த்துக்கொண்டு கேட்போம். மாட்டுங்காவில் கதவைத் திறப்பவரே தமிழராக இருக்கலாம், அவரிடமும் கேட்போம்.