பங்கு விலையும் கிளினிக் கொப்பியும்

2022 நவம்பர் 10ஆம் திகதி, எலி லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் பெயரில் ட்விட்டரில் ஓர் அறிவிப்பு வந்தது: இன்சுலின் இனி இலவசம். கணக்கு போலி. மாதம் 8 டொலர் கட்டுகிற எவருக்கும் நீல அடையாளம் என்று அந்தத் தளம் அந்த வாரம்தான் விற்கத் தொடங்கியிருந்தது. நிறுவனம் மறுத்தது, மன்னிப்பும் கேட்டது. மறுநாள் அதன் பங்கு விலை 4 வீதத்துக்கு மேல் விழுந்தது.

பங்கு வாங்கி விற்பவர்களிடையே உடனே வாதம் பற்றிக்கொண்டது. பொய்தான் விலையை வீழ்த்தியது என்றார்கள் ஒரு சாரார். அன்று வேறு மருந்து நிறுவனங்களின் பங்குகளும்தானே இறங்கின என்றார்கள் மறு சாரார். பின்னவர்கள் பக்கமே நியாயம் கூட என்று நினைக்கிறேன். ஆனால், அந்த அறிவிப்பை நம்பி மருந்துக்கடைக்குப் போயிருக்கக்கூடிய நோயாளியைப் பற்றி இரு சாராரும் பேசி நான் வாசிக்கவில்லை. லில்லியின் பங்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரட்டிப்புக்கு மேல் ஏறிவிட்டது. சீனி வருத்தத்தில் வெட்டியெடுத்த கால் முளைப்பதில்லை.

அந்தப் பொய் எப்படி எடுபட்டது? இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங் குழுவினர் 1923இல் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்கு டொரொண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். லில்லியின் ஹியூமலொக் இன்சுலின் குப்பி ஒன்று 1996இல் ஏறத்தாழ 21 டொலர். பின்னர் 275 டொலர் வரை ஏறியது. ‘இலவசம்’ என்ற சொல்லுக்காக அமெரிக்காவில் சனங்கள் காத்துக் கிடந்தார்கள். 2023 மார்ச்சில் லில்லி தன் பழைய இன்சுலின்களின் விலையை 70 வீதம் குறைப்பதாக அறிவித்தது. உண்மையான காயம் இருந்த இடத்தில்தான் பொய் வந்து ஒட்டியது.

மன்னாரின் எருக்கலம்பிட்டியில் இருந்துகொண்டு நியூயோர்க் பங்கைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? 2018–19 தேசிய ஆய்வொன்றின்படி இலங்கையில் வளர்ந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பின், புத்தளத்தில் பாதியும் ஊரில் பாதியுமாக வாழும் குடும்பங்கள் எங்களுடையவை, வளைகுடாவில் பிள்ளைகள். மருந்து பற்றிய செய்தி வைத்தியரிடமிருந்து வருமுன் உறவுக்காரரின் கைபேசியிலிருந்து வந்துவிடுகிறது. அனுப்புபவர் அன்பாகத்தான் அனுப்புகிறார். சில வேளை, தான் புகழும் பொருளில் அவர் பணமும் போட்டிருக்கிறார்.

அமெரிக்காவில் முதலீட்டாளர் ஒருவர், நோயாளி வேறொருவர். இங்கே இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட பட்டியலில், எம்.டி.எஃப்.இ., ஒன்மெக்ஸ் டி.டி. ஆகியவற்றோடு தியன்ஸ் லங்கா ஹெல்த் கெயார் என்ற ஆரோக்கியப் பொருள் நிறுவனமும் இருந்தது. தனியொரு நிறுவனத்தை விட இந்த முறையே என்னை அச்சுறுத்துகிறது. ஆள் சேர்த்தால் காசு என்று வந்துவிட்டால், கட்டிய காசை எடுக்க வேண்டியவர் டப்பாவைப் புகழ்ந்துதான் ஆக வேண்டும். அவர் முதலில் தேடுவது தன் உம்மாவை, ராத்தாவை. “குளிசையை விட்டுப் பாருங்க” என்று அவர் சொல்லும்போது அது விளம்பரமாகக் காதில் விழாது. முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளை இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகக்கூடும்.

ஏமாந்தவரின் காசுக்காவது மத்திய வங்கி ஒரு பட்டியல் போட்டது. மருந்துகளுக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. பதிவில்லாமல் நீரிழிவு மருந்தென்று விற்கப்படும் பொருட்களின் பெயர்களை அது தமிழில், கிளினிக் சுவரில் ஒட்டும் அளவுக்கு எளிதாக வெளியிட வேண்டும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எது உண்மை எது வதந்தி என்று தெரியாமல் தவித்தோம். மன்னார் வைத்தியசாலையில் இன்சுலின் எத்தனை வாரத்துக்கு இருக்கிறது என்பதையும் அதே சுவரில் எழுதிப் போடட்டும்.