வள்ளல் வேடமும் வாடும் வீடும்

தோழனே!

சென்ற கிழமை அம்பத்தூரில் ஒரு தெருமுனைக் கூட்டம். முழங்கி முடித்துத் தொண்டை வறண்டு, தொழிற்பேட்டை ஓரத்துத் தேநீர்க் கடையில் ஒதுங்கி நின்றேன். இரவுப் பணிக்குப் புறப்பட்ட உழைப்பாளி ஒருவர், கடைசல் பட்டறைக்காரர், கையெல்லாம் எண்ணெய்க் கறை, கண்ணெல்லாம் தூக்கக் கறை, என்னை மடக்கினார். "தம்பி, மேடையிலே நல்லாத்தான் பேசுறே. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. மழை பெய்தா எங்க தெருவிலே முழங்கால் தண்ணி. டில்லிக்காரன் பூட்டானுக்குக் கொடுக்கறான், மாலத்தீவுக்குக் கொடுக்கறான், இலங்கைக்குக் கொடுக்கறான். நம்ம வயித்துலே ஈரத் துணி, ஊரான் இலையிலே நெய்யா?"

கேலிக் கேள்வி அல்ல அது. வயிறு கேட்ட கேள்வி. அதை எள்ளி நகையாடும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆனால் வயிறு கேட்பதாலேயே அதற்கு வாய்க்கு வந்த விடையைத் தரலாமா? கணக்கைக் கொண்டுவா, கையில் எடு, எண்ணிப் பார் என்பதன்றோ நம் இயல்பு?

எண்ணினேன், அவர் எதிரிலேயே. 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அயல்நாடுகளுக்கான உதவி என்று டில்லி ஒதுக்கிய தொகை 5,483 கோடி ரூபாய். பெருந்தொகைதான், ஐயமில்லை. ஆனால் அந்த ஆண்டின் மொத்தச் செலவுத் திட்டமோ ஐம்பது இலட்சம் கோடிக்கும் மேல். நூறு ரூபாய்க்குப் பதினோரு காசு! அந்தப் பதினோரு காசு பறிபோனதாலா அம்பத்தூர்த் தெருவிலே தண்ணீர் தேங்குகிறது? ஆவடியிலே கால்வாய் தூர்ந்ததும், பூந்தமல்லியிலே ஏரிக்குள் மனை போட்டு விற்றதும் பூட்டான் மன்னர் செய்த வேலையா? இல்லை, தோழனே! இல்லாதவனை இன்னொரு இல்லாதவன்மீது ஏவிவிடுவது ஆதிக்கக்காரர்களின் பழைய நாடகம். நாடகம் எழுதிப் பிழைப்பவன் நான். அந்தக் காட்சியமைப்பு எனக்குத் தெரியும்.

எனவே, 'கொடுக்காதே' என்பது நம் குரலன்று. 'எவருக்குக் கொடுத்தாய், எப்படிக் கொடுத்தாய், கொடுத்தது உரியவன் கை சேர்ந்ததா' என்பதே நம் கேள்வி.

அந்தத் தொகையிலே பூட்டானுக்கு 2,150 கோடி. நேபாளத்துக்கு 700. மாலத்தீவுக்கு 600. மொரீசியசுக்கு 500. இலங்கைக்கு 300. எட்டு இலட்சம் மக்கள்கூட இல்லாத பூட்டானுக்கு அள்ளியும், இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் இலங்கைக்குக் கிள்ளியும் கொடுப்பானேன்? பூட்டானின் ஆறுகளிலே அணைகட்டி எடுக்கும் மின்சாரம் இந்தியாவுக்கு வருகிறது. வடக்கே எல்லை காவல் பெறுகிறது. அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. தன்னலத்துக்காகச் செய்யும் முதலீட்டுக்குத் தருமம் என்று பெயர் சூட்டாதீர் என்கிறேன்.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2022இல் இலங்கை திவாலாகி, பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் மக்கள் நாள் கணக்கில் வரிசையிலே நின்றபோது, 400 கோடி டாலர் கொடுத்தோம் என்று டில்லி முரசு கொட்டிற்று. காலத்தால் செய்த உதவி, மறுப்பவன் மனிதனல்லன். ஆயினும் உறையைப் பிரித்துப் பார். உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி டாலர்; அது கடன். எரிபொருளுக்கு 50 கோடி; அதுவும் கடன். 40 கோடி நாணய மாற்று; திருப்பித் தரவேண்டியது. எஞ்சியதிலும் பெரும்பங்கு, கட்டவேண்டிய பாக்கிக்குக் கொடுத்த தவணை. சென்னை மெட்ரோவின் முதற் கட்டத்துக்கு ஜப்பான் பணம் தந்தது. அதை ஜப்பானின் கொடை என்று எவரேனும் சொல்வதுண்டா? கடன் என்போம், வட்டியோடு கட்டுவோம். நாம் வாங்கினால் கடன், டில்லி கொடுத்தால் கொடையா? 2025 ஏப்ரலில் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனை நன்கொடையாக மாற்றினார்கள். அந்த அளவுக்குக் கொடை என்று சொல்லட்டும், கை தட்டுகிறேன்.

இன்னொன்றும் உழைப்பாளித் தோழர் அறியவேண்டும். அந்தக் கடனிலே பெரும்பகுதி கடல் தாண்டுவதே இல்லை. இந்தியப் பொருளைத்தான் வாங்கவேண்டும் என்ற கட்டோடு வருவது அது. பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையிலே உருவான டீசல் இரயில் வண்டிகள் இந்தியா தந்த கடனில்தான் கொழும்புக்குக் கப்பலேறின. அம்பத்தூரிலும் வில்லிவாக்கத்திலும் குடியிருப்போர் எத்தனை பேர் அந்தப் பெட்டிகளுக்குத் திருகாணி முடுக்கியிருப்பார்கள்! "அட, நம்ம கூலியா அது?" என்றார் அவர். ஆம், அதுவும்தான்.

இனி, இதயத்தைத் தைக்கும் இடத்துக்கு வருகிறேன்.

அதே 2022. ஈழத் தமிழர்க்கும் மலையகத் தமிழர்க்கும் உணவும் மருந்தும் அனுப்பத் தமிழ்நாடு துடித்தது. டில்லியின் இசைவு கேட்டு நின்றது. அப்போது அங்கிருந்தே, தமிழ்த் தலைவர்களிடமிருந்தே ஒரு சொல் வந்தது: தமிழர்க்கு மட்டும் என்று பிரித்து அனுப்பாதீர், பசி எல்லோருக்கும் ஒன்று. எண்ணிப் பார், தோழனே! 1983இல் எரிக்கப்பட்ட இனம், 2009இல் முள்ளிவாய்க்காலிலே புதைக்கப்பட்ட இனம், அண்டை வீட்டுச் சிங்களத் தாயின் அடுப்பையும் நினைத்துச் சொன்ன சொல் அது! 2022 ஏப்ரல் 29இல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, உயிர்காக்கும் மருந்துகள், 123 கோடி ரூபாய் மதிப்பு. மே 18இல் முதற் கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நகர்ந்தது. கடனன்று, வட்டியில்லை, தவணையில்லை. ஒரு மாநிலம், தன் ஏழைகள் உண்ணும் அரிசியிலிருந்து அளந்து கொடுத்தது. ஆனால் அதைக் கொடுக்கவும் ஒரு மாநிலம் டில்லியின் வாயிலிலே கைகட்டி நிற்கவேண்டியிருந்தது!

நியாயமான பங்கீடு என்பது இனம் பார்ப்பதன்று, ஒப்புகிறேன். ஆனால், இனம் பாராதே என்பது இளைத்தவனைப் பாராதே என்றாகிவிடக் கூடாது. வரிசையிலே எப்போதும் கடைசியில் நிறுத்தப்படுகிறவன் எவன்? மலையகத் தமிழன்!

பிரிட்டிஷாரின் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் இங்கிருந்து ஓட்டிச் செல்லப்பட்டவன். 1948இல் சட்டம் போட்டுக் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்டு மந்தையைப் பிரிப்பதுபோல் பிரித்தார்கள், அவனைக் கேட்டார்களா? இந்தியா எவருக்கேனும் கடன்பட்டிருக்குமானால் முதலில் அவனுக்கு.

50,000 வீடுகள் கட்டித் தருவதாக இந்தியா அறிவித்தது 2010இல். அரியாலை முதலிய இடங்களில் முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர் கட்டினர். முடிய 2012 நடுப்பகுதி ஆயிற்று. பிறகு முறையை மாற்றினார்கள். பயனாளியின் வங்கிக் கணக்கிலே ஐந்தரை இலட்சம் இலங்கை ரூபாய், அடித்தளம் எழுந்தால் ஒரு தவணை, சுவர் எழுந்தால் மறு தவணை. உன் வீட்டை நீயே கட்டிக்கொள் என்றார்கள். போரிலே அனைத்தையும் இழந்த தாய்மார்கள் தாமே மணல் தேடி, கொத்தனார் தேடிக் கட்டினார்கள். 2015 முடிவதற்குள் பெரும்பகுதி எழுந்துவிட்டது! ஏழையின் கையிலே பணத்தைக் கொடுத்தால் பாழாக்கிவிடுவான் என்போர் வாயை அடைக்கும் சான்று இது. நல்ல செலவு எது என்று கேட்டால் நான் வடக்கின் இந்த வீடுகளைக் காட்டுவேன்.

மலையகத்துக்கு? 4,000. அதற்கும் தொடக்கம் 2016. 2017 மே மாதம் நோர்வூட் மேடையிலே பிரதமர் நின்று மேலும் 10,000 வீடுகள் என்றார். கரவொலி மலையிலே எதிரொலித்தது. அடிக்கல் எப்போது? 2024 பிப்ரவரி! அதுவும் முதற் கட்டமாக 1,300 வீடுகளுக்கு. ஏழு ஆண்டு! அதற்குள் இலங்கை ரூபாய் சரிந்து, ஒரு வீட்டின் செலவு 28 இலட்சமாக ஏறியது. இரண்டு நாட்டுக் கோப்புகள் ஒன்றையொன்று பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அந்த ஏழு ஆண்டும் மக்கள் வெள்ளையன் காலத்து லயன் அறையிலேயே கிடந்தார்கள். 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தது. மலை சரிந்தது, மண் விழுங்கியது. உடனே 45 கோடி டாலர் என்று அறிவிப்பு. அதிலும் 35 கோடி கடன். காலத்திலே கட்டிய வீடு புயலுக்குப் பின் வரும் கப்பலைவிட மலிவு என்பதைக் கணக்கப்பிள்ளைகள் எவரும் எழுதி வைக்கவில்லை போலும்.

மயிலுக்குப் போர்வை தந்தவன் பேகன் என்று பள்ளியிலே படித்தோம். அவன் மனைவி கண்ணகி வீட்டிலே கண்ணீர் வடித்துக் கிடந்த கதையைப் பலர் படிப்பதில்லை. கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் அவன் வாயிலிலே நின்று, உன் பொன்னும் தேரும் வேண்டா, அவள் துயர் தீர்; அதுவே நீ தரும் பரிசில் என்று பாடினார்கள். புறநானூற்றிலே இருக்கிறது.

ஆவடியிலிருந்து அதிகத் தொலைவில்லை புழல். இன்னும் சற்றுத் தள்ளிக் கும்மிடிப்பூண்டி. அங்கே முகாம்களிலே இருப்பவர் எவர்? அதே இலங்கையிலிருந்து வந்த தமிழர். 2021இல் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தர முன்வந்தது. டில்லி? 2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்து பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று பெயர் எழுதிற்று. நான்காவது பெயரை எழுத மை தீர்ந்துவிட்டது! 2025 செப்டம்பரில், 2015 ஜனவரிக்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்க்குத் தண்டனையிலிருந்து விலக்கு என்றார்கள். தண்டிக்கமாட்டோம் என்பது ஒரு வாழ்வா? கொழும்புக்கு 400 கோடி டாலர் கொடுத்த கை, கும்மிடிப்பூண்டியிலே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ஒரு தாள் கொடுக்க நடுங்குகிறது.

கடன் எவ்வளவு, கொடை எவ்வளவு, எந்தத் தோட்டத்தில் எத்தனை வீடு, எந்த ஆண்டுக்குள் என்று பட்டியலிட்டு நாடாளுமன்றத்தின் மேசையிலே வைக்கச் சொல். இலங்கைக்கான உதவியைப் பேசும் அறையிலே தமிழ்நாட்டுக்கு ஒரு நாற்காலி போடச் சொல். முகாமிலே பிறந்தவனுக்குக் குடியுரிமை கேள்.

இவ்வளவையும் அந்தக் கடையிலே நான் சொல்லி முடிக்கவில்லை. பாதியிலேயே பணிக்கு நேரமாயிற்று. தேநீருக்கு என் காசையும் சேர்த்து அவரே கொடுத்தார். "மிச்சத்தை எங்க பட்டறை வாசல்லே வந்து பேசு தம்பி, நாலு பேரைக் கூட்டி வைக்கறேன்" என்று சொல்லி மிதிவண்டியைத் தள்ளினார். வருகிற ஞாயிறு மாலை அங்கேதான் கூட்டம். வந்துவிடு.