பகிர்வு சைக்கிள்: மியூனிக்கில் குப்பையானது, பாரிஸில் பிழைத்தது ஏன்?

ஓபைக் ஞாபகம் இருக்கிறதா? புளோக்குக்குக் கீழே, எம்ஆர்டி வாசலில், சில நேரம் கால்வாய்க்குள்கூடக் கிடந்த அந்த மஞ்சள் சைக்கிள்? முன்பணமாக 49 வெள்ளி கட்டியவர்களில் நீங்களும் ஒருவர் என்றால் நிச்சயம் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 ஜூன் 25ஆம் தேதி அந்த நிறுவனம் இங்கு சேவையை நிறுத்தியது. கட்டிய பணத்தைத் திரும்பப் பெற வாடிக்கையாளர்கள் படாத பாடு பட்டனர்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம் உண்டு. அதே சைக்கிள்கள் 2017ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்கும் போயின. சுவிட்சர்லாந்தின் ஸூரிக்கில் இறங்கின. ஜெர்மனியின் மியூனிக்கில் மட்டும் சுமார் 7,000 சைக்கிள்கள் சில வாரங்களில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. கொஞ்ச நாளில் மரத்தில் தொங்கின, ஆற்றில் கிடந்தன, நடைபாதையில் குவிந்தன. அடுத்த ஆண்டே கதை முடிந்தது.

"சிங்கப்பூரர்களுக்குப் பொதுச்சொத்தைப் பேணத் தெரியவில்லை" என்று அப்போது நம்மை நாமே திட்டிக்கொண்டோமே... ஒழுங்குக்குப் பேர்போன ஜெர்மானியர்களும் அதைத்தான் செய்தார்கள்!

அப்போ மக்கள்தான் பிரச்சினையா?

இல்லை. அதற்குச் சாட்சி பாரிஸ்.

2007 ஜூலை 15ஆம் தேதி பாரிஸ் நகரம் 'வெலிப்' என்ற சேவையைத் தொடங்கியது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு நிலையம். ஒன்றில் எடுத்து வேறொன்றில் விடலாம். சந்தா கட்டினால் முதல் 30 நிமிடம் இலவசம். அங்கேயும் முதல் 2 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் திருட்டுப் போயின, அடித்து நொறுக்கப்பட்டன. ஆனாலும் வெலிப் இன்றும் ஓடுகிறது. பாரிஸிலும் சுற்றுவட்டாரத்திலுமாகச் சுமார் 1,400 நிலையங்கள் இருக்கின்றன.

வித்தியாசம், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதில் இருக்கிறது. வெலிப்பைத் தொடங்கி நடத்திய ஜேசிடெக்கோ ஒரு விளம்பர நிறுவனம். நகரின் விளம்பரப் பலகைகளில் வரும் வருமானம் அதற்கு. பதிலுக்குச் சைக்கிள் சேவையை அது நடத்த வேண்டும். சைக்கிள் உடைந்தால் நகராட்சி கேள்வி கேட்கும். ஓபைக் போன்ற நிலையமில்லாச் சேவைகளுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு ஆரம்பத்தில் இல்லை. முதலீட்டாளர் பணத்தில் சைக்கிளை இறக்கு, முன்பணத்தை வாங்கு, அடுத்த நகரத்துக்குப் போ. பழுதுபார்க்கும் வேலை கடைசி வரிசையில். ஹாங்காங்கின் கோபீ நிறுவனமும் பாரிஸில் இதையே முயன்றுபார்த்தது. 2017 அக்டோபரில் வந்தது, 2018 பிப்ரவரியில் பெட்டியைக் கட்டியது.

அதற்காக வெலிப் பிரச்சினையே இல்லாத சேவை என்று நினைத்துவிடாதீர்கள். மொன்மார்த்ர் என்ற மேட்டுப் பகுதி இருக்கிறது. காலையில் எல்லாரும் அங்கிருந்து ஜாலியாகக் கீழே இறங்கிப் போவார்கள். மாலையில் மேலே மிதித்து வர யாருக்கு மனசு வரும்? மேட்டிலுள்ள நிலையங்கள் காலி, பள்ளத்தில் இடமே இல்லை. கடைசியில், மேட்டில் கொண்டுபோய் விடுவோருக்குக் கூடுதலாக 15 இலவச நிமிடம் என்று ஆசைகாட்டினார்கள். அதுவும் போதாமல் லாரியில் ஏற்றி இறக்கவேண்டி இருந்தது. இந்த லாரிச் செலவைப் பற்றிச் சேவையை அறிமுகம் செய்யும்போது யாரும் பேசுவதில்லை. 2018இல் நடத்துநர் மாறியபோது பல மாதங்களுக்குப் பெரும்பாலான நிலையங்கள் தயாராகவே இல்லை, பாரிஸ்வாசிகள் கொதித்தார்கள்.

சைக்கிள் வந்தது சரி, ஓட்ட இடம்?

என்னைக் கேட்டால், இதுதான் முக்கியமான கேள்வி. பகிர்வு சைக்கிளைப் பற்றிப் பேசும்போது நாம் சைக்கிளையே பார்க்கிறோம், செயலியைப் பார்க்கிறோம். சாலையைப் பார்ப்பதில்லை.

வெலிப் வந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் பாரிஸில் சைக்கிளில் போவோர் சிறுபான்மைதான். பேருந்துக்கும் டாக்சிக்கும் நடுவில் நெளிந்து போகத் துணிந்தவர்கள் மட்டுமே ஓட்டினார்கள். 2014இல் மேயரான ஆன் ஹிடால்கோ சைக்கிளை விட்டுவிட்டுச் சாலையில் கைவைத்தார். கோவிட் காலத்தில், 2020இல், நகரின் நடுவே ஓடும் ரிவோலி சாலையிலிருந்து தனியார் கார்கள் வெளியேற்றப்பட்டன. அந்த இடம் சைக்கிளுக்குப் போனது. 2021 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர்.

2024இல் வந்த ஓர் ஆய்வின்படி, பாரிஸ் நகருக்குள் நடக்கும் பயணங்களில் 11.2 விழுக்காடு சைக்கிளில். காரில் வெறும் 4.3 விழுக்காடு.

"அதெல்லாம் குளிர் நாடு. நம்ம ஊர் வெயிலில் முடியுமா?" என்கிறீர்களா? அப்படியானால் ஸ்பெயினின் செவில் நகரத்தைப் பாருங்கள். கோடையில் அங்கு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சர்வ சாதாரணம். சைக்கிள் கலாசாரம் என்று ஒன்று அங்கு இருந்ததே இல்லை. 2006ஐ ஒட்டி, கார் நிறுத்துமிடங்களை எடுத்துவிட்டு, காரிலிருந்து தடுப்பால் பிரிக்கப்பட்ட சுமார் 80 கிலோமீட்டர் சைக்கிள் பாதையை ஏறக்குறைய ஒரே மூச்சில் போட்டார்கள். 2007இல் 'செவிசி' பகிர்வு சைக்கிள் வந்தது. நாளுக்குச் சுமார் 6,000ஆக இருந்த சைக்கிள் பயணங்கள் சில ஆண்டுகளில் 70,000ஐ எட்டின.

துண்டு துண்டாகப் போடாமல் முழு வலைப்பின்னலாகப் போட்டதுதான் அதில் சூட்சுமம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை பாதை இருந்து, நடுவில் 200 மீட்டர் மட்டும் இல்லை என்றால் எந்த அம்மாவும் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப மாட்டார்.

நெதர்லாந்தும் பிறக்கும்போதே சைக்கிள் சொர்க்கமாகப் பிறக்கவில்லை. 1971இல் அங்கு சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் மாண்டனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடிய பிறகுதான் கொள்கை மாறத் தொடங்கியது.

எல்லாருக்கும் இது பிடித்திருக்கிறதா?

இல்லவே இல்லை. பாரிஸின் புறநகரிலிருந்து வேலைக்கு வருபவர்களில் பலருக்கு அருகில் ரயில் கிடையாது, கார்தான். "நகரத்துக்குள் வீடு வாங்க முடிந்தவர்களின் சொகுசுக்கு நாங்கள் விலை கொடுக்கிறோம்" என்பது அவர்களின் குறை. அதில் நியாயம் இல்லை என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. கோபம் எல்லை மீறியதும் உண்டு. 2024 அக்டோபரில் பாரிஸில் காரோட்டி ஒருவருடன் ஏற்பட்ட தகராறில் சைக்கிளோட்டி ஒருவர் கார் ஏறி உயிரிழந்தார். காரோட்டி மீது கொலைக் குற்றச்சாட்டின்கீழ் விசாரணை தொடங்கியது.

பாரிஸ் மக்கள் பகிர்ந்து ஓட்டுவதை எல்லாம் ஏற்றுக்கொள்வார்கள் என்றும் சொல்ல முடியாது. வாடகை மின்-ஸ்கூட்டர்கள் வேண்டுமா என்று 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோரில் 89 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர் (வாக்களிக்க வந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்பது வேறு கதை). அந்த செப்டம்பரிலேயே ஸ்கூட்டர்கள் காணாமல் போயின. நடைபாதையில் கண்ட இடத்தில் விட்டுப்போவதுதான் மக்களுக்குப் பெரிய எரிச்சல்.

விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறீர்களா? பார்சலோனாவின் 'பைசிங்' சேவை உள்ளூர்வாசிகளுக்கு மட்டும். சுற்றுப்பயணிகள் சேர முடியாது. வெலிப்பில் சேரலாம், நாள் அட்டை உண்டு. ஆனால் முன்பணத் தொகை ஒன்று உங்கள் கடன்பற்று அட்டையில் பிடித்துவைக்கப்படும், கவனம். இன்னொன்று: இருக்கை பின்பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும் சைக்கிளை எடுக்காதீர்கள். அது பழுது என்று முன்னால் ஓட்டியவர் உங்களுக்கு விட்டுச்சென்ற தகவல்.