ஏட்டுச் சுரைக்காயும் பங்குச் சந்தையும்

பங்கு வியாபாரம் பழக விரும்புவோருக்கு இன்று ஒரு வசதி உண்டு. மெய்நிகர்க் கணக்கொன்றைத் தொடங்கினால் கற்பனைப் பணம் சில இலட்சம் கையில் தரப்படும். சந்தை விலையிலேயே வாங்கலாம், விற்கலாம். நட்டப்பட்டாலும் சட்டைப் பையில் ஒரு சதம் குறையாது. குடாநாட்டு இளைஞர்கள் இதில் பழகுவது நல்லதே. ஆனால் இதில் எதைக் கற்கிறோம், எதைக் கற்கவில்லை என்ற தெளிவு வேண்டும்.

காணி, நகை, நிலையான வைப்பு, சீட்டு. யாழ்ப்பாணத்தவரின் சேமிப்பு நெடுங்காலம் இந்த நான்கு வாய்க்கால்களில்தான் ஓடியது. போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், கொழும்புப் பங்குச் சந்தை யாழ்ப்பாணத்தில் கிளை திறந்தது. அது மயக்கமூட்டிய காலம். அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2009இல் 125 வீதமும், 2010இல் 96 வீதமும் உயர்ந்தது. 2011 பெப்ரவரியில் 7,800 அளவைத் தொட்ட அதே சுட்டெண், 2012 முடிவில் 5,600 அளவுக்கு இறங்கிவிட்டது. உச்சியில் நுழைந்தவர்களுக்குப் பங்கு வாங்கும் முறை தெரியாமலில்லை. விலை இறங்கும்போது என்ன செய்வதென்பதுதான் தெரியவில்லை.

நமது ஊர் பரீட்சைக்குப் பேர்போன ஊர். கடந்தகால வினாத்தாள்களைப் பத்து ஆண்டுக்குச் செய்து பார்த்துவிட்டு மண்டபத்துக்குள் நுழைவது நம் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. மெய்நிகர்க் கணக்கையும் அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்பதே என் அச்சம். பரீட்சைக்குப் பாடத்திட்டம் உண்டு, சந்தைக்கு இல்லை. வினாத்தாளில் பிழைவிட்டால் புள்ளி போகும். சந்தையில் பிழைவிட்டால், வெளிநாட்டில் இரட்டை வேலை செய்து அண்ணன் அனுப்பிய காசு போகும். அந்த வலியைக் கற்பனைப் பணம் கற்றுத் தராது.

வேறு இடைவெளிகளும் உள்ளன. பயிற்சிக் கணக்கில் பெரும்பாலும் நினைத்த விலைக்கு உடனே விற்கலாம். கொழும்பில் பல நிறுவனப் பங்குகளுக்குச் சில நாள்களில் வாங்குவோரே இருப்பதில்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் தரகு, வரி, கட்டணம் எனத் தனித்தனியே நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போய்விடும். ஆகவே ஒரு பங்கை வாங்கி விற்க, விலை 2 வீதத்துக்கு மேல் ஏறினால்தான் முதல் மிஞ்சும். பல பயிற்சிக் கணக்குகள் இக்கணக்கைக் காட்டுவதில்லை. 2022 ஏப்ரலில், பொருளாதார நெருக்கடியின் நடுவே, சந்தையே ஒரு வாரம் மூடப்பட்டது. அவசரத்துக்குப் பங்கை விற்க எண்ணியவர்கள் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய ஆபத்து, பயிற்சிக் கணக்கைத் தூண்டிற்புழுவாக்கும் வெளிநாட்டு நாணய வர்த்தகச் செயலிகள். கற்பனைப் பணத்தில் நாலு நாள் வென்றவனிடம், உண்மைப் பணத்தைப் போடும்படி தொலைபேசி வழியே நச்சரிக்கத் தொடங்குவார்கள். அனுமதி பெறாத இத்தகைய வர்த்தகங்கள் பற்றி இலங்கை மத்திய வங்கி எச்சரித்தே வந்திருக்கிறது. அனுமதி பெற்ற சந்தைகளின் நிலையும் பார்க்கத்தக்கது. இந்தியாவில் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களுள் நூற்றுக்கு 93 பேர் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் நட்டமடைந்தனர் என்று, அந்நாட்டுப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024இல் அறிவித்தது. அவர்களுள் எத்தனையோ பேர் பயிற்சிக் கணக்கில் வென்றவர்களாகவே இருந்திருப்பார்கள்.

அப்படியானால் பயிற்சிக் கணக்கே வேண்டாமா? வேண்டும். ஆனால் உங்களிடம் உண்மையில் ஐம்பதாயிரம் ரூபாதான் உண்டென்றால், பயிற்சியிலும் ஐம்பதாயிரத்தையே கையாளுங்கள். பத்து இலட்சத்தில் பழகிய கை ஐம்பதாயிரத்தில் அடங்காது. ஒரு கொப்பியில், ஏன் வாங்கினேன், ஏன் விற்றேன் என்று திகதியோடு எழுதுங்கள். கட்டணங்களை நீங்களே கழியுங்கள். வாங்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை ஒரு முறையாவது படியுங்கள். சந்தை இறங்கும் காலம் ஒன்றைக் கண்டு கடக்கும்வரை பயிற்சி முடிந்ததென்று எண்ணாதீர்கள்.

அதன் பிறகும் கடன் வாங்கிய பணத்தையோ, தங்கையின் சீதனத்துக்கென ஒதுக்கிய பணத்தையோ தொடாதீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நாம் அறிந்த பழமொழி. சுரைக்காய் எப்படி இருக்கும் என்பதையாவது ஏடு காட்டும். அதன் பயன் அவ்வளவுதான் என்று தெரிந்து புரட்டுவோருக்கு அதனால் கேடில்லை.