கருத்துக் கேட்கிறார்கள், நாம் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்துக்கும் முன்பு நிதியமைச்சு பொதுமக்களிடம் முன்மொழிவு கேட்டு அறிவித்தல் போடுகிறது. 2024 இல் செயற்கை நுண்ணறிவு பற்றிய தேசிய மூலோபாய வரைபையும் மக்கள் கருத்துக்காக வெளியிட்டார்கள். தொழில்நுட்பத்துக்கும் படைப்புத் தொழில்களுக்கும் அரசாங்கம் எப்படிக் கைகொடுக்க வேண்டும் என்று சொல்ல நமக்கும் வழி இருக்கிறது. மருதமுனையிலிருந்து எத்தனை பேர் எழுதினோம்? ஆசிரியர்களாகிய நாங்களே எழுதவில்லை. திகதி முடிந்த பிறகு ஸ்டாஃப் ரூமில் இருந்து குறை சொன்னோம், அவ்வளவுதான்.

படைப்புத் தொழில் என்றதும் கொழும்பு விளம்பரக் கம்பனிகள்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. (இசை, நாடகம் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கும். அதை இன்றைக்கு விடுவோம்.) நம்ம ஊரில் அது வாப்பாமார் காலத்திலிருந்தே தறியில் நடந்த வேலை. பாவு ஓடுவதிலிருந்து சாயத்தின் அளவு வரை கைக்கணக்காகவே வைத்திருந்தார்கள். சுனாமி அடித்தும் அந்தத் தொழில் அழியவில்லை. இன்று அதை நெருக்குவது வேறு. ஒரு சகோதரி நாட்கணக்கில் இழை எண்ணிக் கொண்டுவந்த கரை டிசைனை ஃபேஸ்புக்கில் போடுகிறார். கொஞ்ச நாளில் அதே டிசைன் அச்சடித்த மலிவுத் துணியில், பாதி விலைக்குக் கடையில் தொங்குகிறது. யாரிடம் போய் முறையிடுவது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் கைத்தொழில் வடிவமைப்பைப் பதியலாம். ஆனால் அலுவலகம் கொழும்பில். ஒரு சாரத்தின் இலாபத்தை வைத்துக்கொண்டு யார் பஸ் ஏறுவது? மாவட்டச் செயலகத்திலேயே, தமிழிலேயே பதியும் வசதியைக் கேட்டால் என்ன? 2022 இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியல் குறியீடு கிடைத்தது. மருதமுனைக் கைத்தறிக்கும் உள்நாட்டிலாவது அப்படியொன்று வேண்டும் என்று நாம்தான் எழுத வேண்டும். வேறு யார் எழுதுவார்?

அடுத்தது நம் பிள்ளைகள். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் வந்தது. படித்து முடித்தவர்களில் சிலர் வீட்டிலிருந்தே வெளிநாட்டவருக்கு லோகோ வரைகிறார்கள், வீடியோ எடிட் பண்ணுகிறார்கள். பேபாலில் பணம் பெற முடியாமல் வருடக்கணக்காக வெளிநாட்டிலிருக்கும் மச்சானின் கணக்கை நம்பி உழைத்தவர்கள் இவர்கள். உழைப்பு இவர்களுடையது, வங்கிப் பதிவில் பெயர் மச்சானுடையது. நாளை ஒரு கடன் கேட்டுப் போனால் காட்ட ஒரு கடதாசி இல்லை.

2025 ஏப்ரல் முதல் இந்த வருமானத்துக்கு வரி என்று பயந்து சிலர் ஒளிந்துகொள்கிறார்கள். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் போனாலும், பணம் வங்கி வழியாக நாட்டுக்குள் வந்தால் கூடியது 15 வீதம்தான். இதை விளங்கப்படுத்தப் பிரதேச செயலகத்தில் ஓர் உத்தியோகத்தர் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். அதையும் கேட்போம்.

இலவசக் கணினி தாருங்கள் என்று எழுதுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. நெனசல காலத்தில் வந்த பெட்டிகள் பல இடங்களில் தூசி பிடித்துக் கிடந்ததைக் கண்டவர்கள்தானே நாம். திருத்த ஆளும் கற்பிக்க ஆளும் இல்லாமல் பெட்டி மட்டும் வந்து என்ன பிரயோசனம்?

மொழி பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கருத்துக் கேட்டு வந்த ஓர் ஆவணத்தை நாங்கள் மூன்று ஆசிரியர்கள் மஃரிபிலிருந்து இஷா வரை இருந்து வாசித்தோம். முழுக்க ஆங்கிலம். நான்கு பக்கம்தான் தாண்டியது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. தறியில் இருக்கும் உம்மாவுக்கு விளங்காத மொழியில் கேட்டுவிட்டு, கிழக்கிலிருந்து கருத்து வரவில்லை என்று எழுதிவைப்பது நியாயமா? தமிழ்ப் பிரதி அதே நாளில் வெளிவர வேண்டும் என்பதை நம் கடிதத்தின் முதல் வரியாகப் போடுவோம்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நூலகத்தில் கூடி அந்தக் கடிதத்தை எழுதப் போகிறோம். தறி வைத்திருப்பவர்கள் தங்கள் டிசைன் ஒன்றையும், ஒன்லைனில் வேலை செய்யும் தம்பி தங்கைமார் பணம் பெறுவதில் பட்ட சிரமத்தை ஒரு தாளில் எழுதியும் கொண்டுவாருங்கள். லெப்டொப் இருப்பவர்கள் சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள், அங்கே பிளக் ஒன்றுதான் வேலை செய்கிறது.