பந்தி வஞ்சனை

நீதிமன்ற அருங்காட்சியகம் என்றால் டோப்பா, கறுப்பு அங்கி, சுவர் நிறைய நீதிபதிகளின் படம் என்றுதான் நினைத்துப் போனேன். ஜோகன்னஸ்பர்க்கில், கான்ஸ்டிடியூஷன் ஹில்லில், என் காலைக் கட்டிப்போட்டது ஒரு சாப்பாட்டுப் பட்டியல்.

1983இல் மூடிய சிறை அது. கறுப்பின ஆண்களை அடைத்த பகுதிக்குப் பெயர் ‘நம்பர் ஃபோர்’. எந்த இனத்துக் கைதிக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு என்று அரசாங்கமே அளந்து எழுதி வைத்திருக்கிறது. வெள்ளையர் மேலே, இந்தியரும் கலப்பினத்தவரும் நடுவில், கறுப்பர் கடைசியில். பந்தி வஞ்சனை நமக்குப் புதிதில்லைதான். ஆனால் நம் ஊரில் அதை யாரும் அட்டவணை போட்டு ஒட்டியதில்லை.

1908 ஜனவரியில் காந்தி இந்தச் சிறைக்கு வந்தார். ஆசியர்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்துக்குப் பணியாததுதான் குற்றம். காலையில் சோளக் கஞ்சி, நம்மவர்களுக்கு இறங்கவில்லை. மன்றாடித் தாங்களே சமைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார்கள். சமையல் பொறுப்பு தம்பி நாயுடுவுக்கு. மொரீஷியஸில் பிறந்த தமிழர். காய்கறி எடை குறைந்தால் சிறை அதிகாரியிடமே மல்லுக்கு நிற்பாராம். எனக்கென்னவோ, அதுவும் ஒரு வழக்காடல்தான்.

கைதிகள் கம்பளியை மடித்து மடித்துச் செய்த பீரங்கி வண்டி ஒன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது. அறையை அழகாக வைப்பவர்களுக்குப் பரிசு உண்டாம். அதே ஆட்களை முற்றத்தில் நிர்வாணமாக்கி, குதித்து ஆடவிட்டுச் சோதனை போட்டிருக்கிறார்கள். உடம்பில் எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று அப்படித்தான் காட்ட வேண்டும். கம்பளி வண்டியை அதற்கப்புறம் ரசிக்க முடியவில்லை.

விசாரணைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தை இடித்து, அந்தச் செங்கல்லைக் கொண்டே பக்கத்தில் அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் கட்டிவிட்டார்கள். 2004 மார்ச் 21இல் திறந்தார்கள். படிக்கட்டுகளை மட்டும் இடிக்கவில்லை.

உள்ளே 11 நீதிபதிகளுக்கு ஒரே நீள மேசை. முகப்பில் மாட்டுத் தோல், ஒவ்வொன்றும் ஒரு நிறம். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நீளமாக ஒரு கண்ணாடிப் பட்டை, வெளியே தெருமட்டம். நான் உட்கார்ந்திருந்தபோது நீதிபதிகளின் நாற்காலிக்கு மேலே இரண்டு பள்ளிக்கூடச் சப்பாத்துகள் ஓடின. பின்னாலேயே தேய்ந்த செருப்பு ஒன்று, அவசரமில்லாமல்.