கம்பம் ஏறும் வித்தை போதும்

மின்வாரியம் கேங்மேன் வேலைக்கு ஆளெடுத்தபோது, உடற்தகுதித் தேர்வில் கம்பம் ஏறிக் காட்டச் சொன்னது. 2021இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்படி ஏறிக் காட்டித்தான் பணி ஆணை வாங்கினார்கள். உடல் வலுவைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வலுவை மட்டும் நம்பி ஒரு துறையே நடப்பதைத்தான் கேள்வி கேட்கிறோம்.

மாநகரில் தெருவிளக்கு எரியாவிட்டால் ஹைட்ராலிக் ஏணி வண்டி வருகிறது. ஊழியர் தொட்டியில் நின்றபடி மேலே போகிறார், விளக்கை மாற்றுகிறார், இறங்குகிறார். பத்தடி தள்ளி நிற்கும் மின்கம்பத்தில் மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்புக் கயிற்றோடு வயர்மேன் ஏறுகிறார். இருவரில் ஆபத்து அதிகம் யாருக்கு என்பது பிள்ளைகளுக்கும் தெரியும்.

எட்டு, ஒன்பது மீட்டர் உயரம். மின்சாரத்தை நிறுத்தி ‘லைன் கிளியர்’ வாங்கிய பிறகும், எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் மின்சாரம் திரும்பி வரும். ஷாக் லேசாகவே அடித்தாலும் பிடி நழுவும். பல நேரங்களில் உயிரை எடுப்பது தரைதான். தொட்டியில் நின்று பெல்ட்டை அதிலேயே மாட்டியவர் தொட்டிக்குள்தான் சாய்வார். தொட்டி இருக்கிறதே என்பதற்காக, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போடுவதை யாரும் விட்டுவிட வேண்டாம். மின்காப்பு இல்லாத இரும்புத் தொட்டி, மின்கம்பிக்கு அருகே ஏணியைவிடப் பெரிய எமன். வாங்குவது காப்புள்ள தொட்டியாகவே இருக்க வேண்டும்.

சந்துக்குள் வண்டி நுழையாது என்ற பதில் பழையதாகிவிட்டது. மடக்கினால் ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத, ஆளைத் தூக்கும் லிஃப்டுகள் வந்துவிட்டன. ரப்பர் பட்டையில் ஊர்ந்து போய், சிலந்திபோல் நான்கு கால்களை விரித்து ஊன்றிக்கொள்ளும். அதே அமைப்பில் குட்டி கிரேன்களும் உண்டு. வணிக வளாகங்களில் கூரை விளக்கை மாற்ற லிஃப்டை வாடகைக்கு எடுப்பது இன்று சாதாரணம்.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தது. அண்டை மாநிலங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். சில நூறு கிலோ எடையுள்ள கான்கிரீட் கம்பத்தைத் தோளில் சுமந்து, தேங்கிய நீருக்கும் வயல் சேற்றுக்கும் நடுவே அவர்கள் நடந்ததைப் படம் எடுத்துப் பாராட்டினோம். வெட்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாச் சேற்றிலும் குட்டி கிரேன் இறங்கிவிடாதுதான். சாலையோரக் கம்பங்களையாவது அது நட்டுக் கொடுத்திருக்கும்.

பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு உயரப் பணி விதிகள் முதலில் கேட்பது, ஏறாமலே வேலையை முடிக்க முடியுமா என்பதை. நாம் கேட்பது ‘பெல்ட் போட்டிருந்தானா?’ என்று, அதுவும் விழுந்த பிறகு.

பிரிவு அலுவலகம்தோறும் ஒரு லிஃப்ட் வாங்கக் காசில்லை என்றால், கோட்டத்துக்கு ஒன்றாவது வாங்கட்டும், இல்லையேல் ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுக்கட்டும். லிஃப்ட் போகக்கூடிய இடத்தில் ஆள் ஏறக் கூடாது என்பதை டெண்டர் நிபந்தனையாக்கினால், விபத்துக் கணக்கிலேயே வராத ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அது காப்பாகும். மின் பகிர்மானக் கழகம் கடலோரக் கோட்டங்களிலிருந்து தொடங்கட்டும், வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே.